உளூ நிலைக்காத உடலும் இமாமின் இடமும்

இஸ்லாமியரின் ஐவேளைத் தொழுகையைத் தனித்தும் நிறைவேற்றலாம் என்றாலும், பலர் ஒன்றுகூடி ஜமாஅத்தாகத் தொழுவதற்கு மிகுந்த சிறப்பு உண்டு என்பதால், பள்ளிவாசல்தோறும் அதை முன்னின்று நடத்த ஒருவர் அமர்த்தப்படுகிறார். அவர் இமாம், அவரைப் பின்பற்றித் தொழுபவர் மஃமூம், தொழுகை நடத்தும் அந்தப் பொறுப்பு இமாமத். இமாம் குனிந்த பின் குனிந்து, அவர் நிமிர்ந்த பின் நிமிர்ந்து, அவர் நெற்றி நிலத்தில் பட்ட பின் தம் நெற்றியை நிலத்தில் வைக்கும் பின்வரிசையினர் தங்கள் வழிபாட்டை அவருடைய வழிபாட்டோடு பிணைத்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்த ஒருவருடைய தொழுகையில் குறை நேர்ந்தால் அது பின்னால் நிற்பவர்களை எந்த அளவுக்குப் பற்றும் என்ற வினா, ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலில் தொடக்கம் முதலே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

அவ்வினாவின் நுட்பமான வடிவம் நோயோடு தொடர்புடையது. சிறுநீர் கட்டுக்கடங்காமல் கசியும் ஒருவரோ, காற்றுப் பிரிவதை அடக்க இயலாத ஒருவரோ, ஆறாத புண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும் ஒருவரோ தமக்காகத் தொழுவதில் தடை ஏதும் இல்லை என்பதை எல்லாச் சட்டப் பள்ளிகளும் ஏற்கின்றன. அவர் மற்றவர்களுக்கு இமாமாக நிற்கலாமா என்று கேட்கும்போதுதான் அறிஞர்கள் பிரிகிறார்கள். அந்தப் பிரிவுக்குக் காரணம் நோயைப் பற்றிய கருத்து வேறுபாடு என்பதைவிட, இமாமுக்கும் மஃமூமுக்கும் இடையிலான உறவைப் பற்றிய கருத்து வேறுபாடு என்பதே பொருந்தும்.

உளூவும் அதை முறிப்பவையும்

தொழுகைக்கு நிற்பவரிடம் இருவகைத் தூய்மை எதிர்பார்க்கப்படுகிறது. உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் சிறுநீர், மலம், இரத்தம் முதலிய அசுத்தங்களிலிருந்து, அதாவது நஜீஸிலிருந்து, நீங்கியிருப்பது ஒன்று. கண்ணால் காண முடியாத, சட்டத்தால் மட்டும் அறியப்படும் தூய்மைநிலை மற்றொன்று. முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை கால்களையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவும் உளூ, பேச்சு வழக்கில் ஒளு, இந்த இரண்டாம் தூய்மையைத் தருகிறது. அதை நீக்கும் நிகழ்வுக்கு ஹதஸ் என்று பெயர். தண்ணீர் கிடைக்காதபோதும், தண்ணீர் படுவது தீங்காகும்போதும் தூய மண்ணால் முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் உளூவின் இடத்தைப் பெறுகிறது.

உடல்நலமுள்ள ஒருவரிடமிருந்து சிறுநீர் ஒரு சொட்டு வெளிப்பட்டாலும், காற்றுப் பிரிந்தாலும் உளூ முறியும் என்பதில் ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளும், அதாவது சட்டப் பள்ளிகளும், ஒருமித்து நிற்கின்றன. ஆனால் மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ வழியும் இரத்தம் உளூவை முறிக்கும் என்று ஹனஃபிகள் கூற, மல, சிறுநீர் வழிகள் இரண்டிலிருந்தும் வெளிப்படுபவையே முறிக்கும் என்றும் பிற இடத்து இரத்தம் நஜீஸ் மட்டுமே என்றும் ஷாஃபிஈகள் கூறுகிறார்கள். இதனால் நீரிழிவுப் புண்ணுள்ள காலோடு தொழ வரும் ஒருவர், எந்த மத்ஹபைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து வேறு வேறு சட்டநிலையில் இருக்கிறார்.

மருத்துவ நோக்கில் இத்தகைய நிலைகள் அரியவை அல்ல. முதிய வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் வழிவது, அச்சுரப்பியை அகற்றும் அறுவைக்குப் பின் சில மாதங்கள் வரையோ அதற்கு மேலுமோ கசிவு நீடிப்பது, நீண்டகால நீரிழிவால் நரம்புகள் தளர்ந்து சிறுநீர்ப்பையின் உணர்வு மங்குவது, தண்டுவடக் காயம், பிள்ளைப்பேற்றுக்குப் பின் இடுப்பெலும்புத் தளத் தசைகள் நெகிழ்வது ஆகியவை பரவலாகக் காணப்படும் காரணங்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களும், குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் திறந்து பை பொருத்தப்பட்டவர்களும் இவ்வரிசையில் சேர்கிறார்கள்; வயிற்றில் திறக்கப்பட்ட அந்த வாய்க்கு இறுக்கித் திறக்கும் தசை இல்லாததால், கழிவு வெளியேறுவது அவர்களுடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதாக இருப்பதில்லை.

தமக்காகத் தொழும் நோயாளி

இப்பொருளில் அடிப்படைச் சான்றாக விளங்குவது ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் என்ற பெண்மணியின் வினா. மாதவிலக்கு நாட்கள் கடந்தும் உதிரம் நிற்காத தாம் தொழுகையை விட்டுவிட வேண்டுமா என்று அவர் நபிகள் நாயகத்திடம் கேட்டபோது, அது மாதவிலக்கு உதிரமன்று, ஒரு நரம்பிலிருந்து வரும் நோய் உதிரம் என்றும், வழக்கமான விலக்கு நாட்களில் மட்டும் தொழுகையை விட்டுவிட்டு, அவை கழிந்ததும் உதிரத்தைக் கழுவித் தொழ வேண்டும் என்றும் அவருக்கு விடை கிடைத்தது. ஒவ்வொரு தொழுகைக்கும் உளூ செய்ய வேண்டும் என்ற குறிப்பும் அந்த அறிவிப்போடு சேர்ந்து வந்துள்ளது. இத்தகைய தொடர் உதிரப்போக்குக்கு இஸ்திஹாளா என்று பெயர். சிறுநீர்க் கசிவு, காற்றுப் பிரிதல், வடியும் புண் ஆகிய அனைத்துக்கும் சட்ட அறிஞர்கள் இந்த ஒரு விடையையே அளவுகோலாக விரித்துக்கொண்டார்கள்.

நபித்தோழர்களின் வாழ்விலும் முன்மாதிரிகள் உண்டு. ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டில், கி.பி. 644-இல், அதிகாலைத் தொழுகையை நடத்திக்கொண்டிருந்த கலீஃபா உமர் கத்தியால் குத்தப்பட்டார். பின்னர் தொழுகை நினைவூட்டப்பட்டபோது, காயத்திலிருந்து இரத்தம் பெருகிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் தொழுதார். குர்ஆனைத் தொகுக்கும் பணியைச் செய்த ஸைத் பின் ஸாபித் முதுமையில் சிறுநீர்க் கசிவுக்கு ஆளாகி, இயன்றவரை அதைக் கட்டுப்படுத்தியும், அது மீறியபோது உளூ செய்துவிட்டுத் தொழுதும் வந்ததாக அவருடைய மகன் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளது. இன்று தம் நோயை வெளியே சொல்லக் கூசும் முதியவர், தமக்கு முன் இதே நிலையில் இருந்தவர் யார் என்பதை அறிவது ஆறுதல் தரும்.

இவ்வாறு தவிர்க்க முடியாத காரணமுடையவர் மஃதூர் எனப்படுகிறார். யாரை மஃதூராகக் கொள்வது என்பதற்கு ஹனஃபி நூல்கள் கடுமையான அளவு வைத்திருக்கின்றன. ஒரு கடமைத் தொழுகையின் முழு நேரத்திலும், உளூ செய்து அந்தக் கடமையை மட்டும் தொழுவதற்குப் போதுமான இடைவெளிகூட இல்லாமல் கசிவு நீடித்தால்தான் ஒருவர் மஃதூர் ஆகிறார். அதன் பின் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒரு முறையாவது அது தலைகாட்டும் வரை அந்நிலை தொடர்கிறது. ஒரு நேரம் முழுதும் கசிவே இல்லாமல் கழிந்தால் அந்நிலை முடிகிறது. மஃதூர் செய்யும் உளூ, கசிவினால் முறியாமல், தொழுகை நேரம் முடியும்போது முடிகிறது. அதற்கிடையில் அவர் விரும்பும் கடமைகளையும் உபரித் தொழுகைகளையும் அதே உளூவில் தொழுதுகொள்ளலாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் வரிசை சற்று வேறுபடுகிறது. நேரம் தொடங்கிய பிறகே இடத்தைக் கழுவி, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, உடனே உளூ செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும்; ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது போன்ற தொழுகை சார்ந்த தாமதம் மன்னிக்கப்படும்; ஒரு உளூவில் ஒரு கடமைத் தொழுகையும், அதனுடன் வேண்டிய உபரித் தொழுகைகளும் நிறைவேறும். மாலிகிகள் நேரத்தைக் கணக்கிட்டு, தொழுகை நேரங்களில் பாதி அளவோ அதற்கு மேலோ நீடிக்கும் கசிவு உளூவையே முறிப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். வழிகள் வெவ்வேறாயினும் நான்கும் சேருமிடம் ஒன்றே: மஃதூரின் தொழுகை குறையுள்ள தொழுகை அல்ல, அதை அவர் பின்னர் மீட்டித் தொழ வேண்டியதில்லை.

பிணைப்பின் தன்மை

மஃதூர் இமாமாக நிற்பதைப் பற்றிய ஹனஃபி விடை தெளிவானது: உடல்நலமுள்ளவர் மஃதூருக்குப் பின்னால் தொழுதால் அத்தொழுகை செல்லாது. ஹிஜ்ரி 593-இல் மறைந்த மர்கீனானியின் சட்டநூலான ஹிதாயா இதை வெளிப்படையாகச் சொல்கிறது. இமாம் தம் பின்னால் நிற்பவர்களின் தொழுகைக்குப் பொறுப்பேற்பவர் என்ற பொருளில் வரும் நபிமொழியை ஹனஃபிகள், இமாமின் தொழுகை மஃமூமின் தொழுகையைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள். அடக்கிக்கொள்ளும் ஒன்று அடங்குவதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். தன்னைவிட நிறைவான ஒன்றைக் குறைவான ஒன்று தாங்க இயலாது. மஃதூரின் உளூ, அதை முறிக்கும் பொருள் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும்போதே தேவையின் பொருட்டுச் செல்லும் என்று கொள்ளப்பட்ட உளூ. தேவை அவருக்கு உண்டு. பின்னால் நிற்பவருக்கு இல்லை.

இதே அளவுகோலின்படி ஒத்த நோயுள்ள இருவரில் ஒருவர் மற்றவருக்கு இமாமாகலாம். கசிவும் காயமும் சேர்ந்திருப்பவர், கசிவு மட்டும் உள்ளவருக்கு இமாமாக முடியாது. இன்னொரு நுட்பமும் இதிலிருந்து பிறக்கிறது. கசிவு நின்றிருக்கும்போது உளூ செய்து, தொழுது முடிக்கும் வரை அது வெளிப்படாமலே இருந்தால், மஃதூர் என்று பெயர் பெற்றவரும் நலமுள்ளோருக்கு இமாமாக நின்றது செல்லும் என்று ஹிஜ்ரி 1088-இல் மறைந்த ஹஸ்கஃபியின் துர்ருல் முக்தார் கூறுகிறது. ஆக, தடை ஒட்டிக்கொண்டிருப்பது மனிதரின் மீதோ அவருடைய நோயின் பெயரின் மீதோ இல்லை. குறிப்பிட்ட ஒரு தொழுகையின்போது நேரும் வெளிப்பாட்டின் மீதே இருக்கிறது.

ஹன்பலி மத்ஹபும் மஃதூர் தம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே இமாமாகலாம் என்ற முடிவையே ஏற்கிறது. ஆயினும் அந்த மரபில் வந்த அண்மைக்கால அறிஞரான, 2001-இல் மறைந்த இப்னு உஸைமீன், ஒருவருடைய தொழுகை அவருக்குச் செல்லுமானால் அவருடைய இமாமத்தும் செல்லும் என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டார்.

ஷாஃபிஈகள் பிணைப்பை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். இமாமும் மஃமூமும் தத்தம் தொழுகையைத் தாமே நிறைவேற்றுகிறார்கள். மஃமூம் செயல்களில் இமாமைத் தொடர்கிறார், அவ்வளவே. எனவே அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இமாமின் தொழுகை, பின்னர் மீட்டித் தொழ வேண்டிய கடன் ஏதும் இல்லாமல், நிறைவேறியதா? நிறைவேறியது என்றால் அவருக்குப் பின்னால் நிற்கலாம். ஹிஜ்ரி 676-இல், கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவி, ஷாஃபிஈ உலகம் முழுவதும் பாடமாக ஓதப்படும் மின்ஹாஜுத் தாலிபீனில், சிறுநீர் கசிபவருக்குப் பின்னால் நலமுள்ளவர் தொழுவது செல்லும் என்பதே மிகச் சரியான கருத்து என்று பதிவு செய்கிறார். மிகச் சரியானது என்ற பொருள் தரும் அந்தக் கலைச்சொல்லே, மத்ஹபுக்குள் மாற்றுக் கருத்தும் வலுவோடு இருந்தது என்பதைக் காட்டுகிறது. இஸ்திஹாளா உள்ள பெண் மற்றப் பெண்களுக்கு இமாமாக நிற்பதும் அவ்வாறே செல்லும்; தம் விலக்கு நாட்கள் எவை, நோய் நாட்கள் எவை என்று பிரித்தறிய முடியாத நிலையில் உள்ளவர் மட்டுமே இதற்கு விலக்கு.

மாலிகிகள் நடுவழியில் நிற்கிறார்கள். கசிவோ வடியும் புண்ணோ உள்ளவர் நலமுள்ளவருக்கு இமாமாவது மக்ரூஹ், அதாவது செல்லும் என்றாலும் விரும்பத்தகாதது, என்று கலீல் பின் இஸ்ஹாக்கின் சட்டச் சுருக்கநூல் வகைப்படுத்துகிறது. நோயாளிக்குக் கிடைத்த மன்னிப்பு அவருக்கு மட்டும் உரியதா, அல்லது அந்த அசுத்தமே மன்னிக்கப்பட்டதாகி அனைவருக்கும் பொதுவாகிறதா என்ற வாதத்திலிருந்தே இந்த நடுநிலை உருவானது.

தயம்முமும் கட்டும்

இரண்டு நோக்குகளின் உள்ளோட்டத்தையும் புரிந்துகொள்ள, நோயின் பிற வடிவங்களோடு ஒப்பிடுவது உதவும். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, உளூ போதாமல் முழுக்குளிப்பே கடமையாகியிருந்த அம்ர் பின் அல்ஆஸ் கடுங்குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தம் படையினருக்குத் தொழுகை நடத்தினார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் அவரிடம் காரணம் கேட்டுவிட்டுப் புன்முறுவல் செய்தாரே அன்றி, மீண்டும் தொழுமாறு யாரையும் பணிக்கவில்லை. இதைக் கொண்டு தயம்மும் செய்தவர் உளூ உள்ளவர்களுக்கு இமாமாகலாம் என்று ஹனஃபி மத்ஹபின் மூலவரான அபூஹனீஃபாவும் அவருடைய மாணவர் அபூயூசுஃபும் கூற, மற்றொரு மாணவரான முஹம்மது அஷ்ஷைபானி மறுத்தார். மஃதூரை விலக்கும் ஹனஃபிகள் தயம்மும் செய்தவரை ஏற்பதற்குக் காரணம், தயம்மும் தண்ணீருக்கு மாற்றாக வந்த முழுத் தூய்மை என்பதும், அங்கே தூய்மையை முறிக்கும் எதுவும் நிகழ்ந்துகொண்டிருக்கவில்லை என்பதும் ஆகும்.

எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர் அந்தக் கட்டின் மேல் ஈரக்கையால் தடவி உளூவை நிறைவு செய்துகொள்வதும் இவ்வாறே. ஹனஃபிகளிடம் அவர் தயக்கமின்றி இமாமாகலாம். ஷாஃபிஈகளிடமோ கணக்கு வேறு. உளூ இல்லாத நிலையில் போடப்பட்டு, கழற்ற முடியாத கட்டோடு தொழுதவர் பின்னர் அத்தொழுகையை மீட்ட வேண்டும் என்பது அவர்களின் அறியப்பட்ட சட்டம். தண்ணீர் வழக்கமாகக் கிடைக்கும் ஊரில், அது கிடைக்காமல் தயம்மும் செய்தவருக்கும் அதே கடன் உண்டு. மீட்ட வேண்டிய தொழுகை உடையவரைப் பின்பற்றக்கூடாது என்று மின்ஹாஜ் கூறுவதால், சிறுநீர் கசிபவருக்கு இமாமத்தின் கதவைத் திறக்கும் அதே மத்ஹப், இவர்களுக்கு அதை மூடுகிறது. ஒன்று கடுமையானது, மற்றொன்று இளகியது என்று மத்ஹபுகளைத் தரம் பிரிக்கும் பேச்சு இவ்விடத்தில் பொருளற்றுப் போகிறது. ஹனஃபிகள் தூய்மையின் தன்மையை அளக்கிறார்கள். ஷாஃபிஈகள் கடன் தீர்ந்ததா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் அளவுகோலைப் பிறழாமல் பயன்படுத்துகிறார்கள்.

தூய்மையோடு தொடர்பில்லாத இயலாமைக்கும் இங்கே இடமுண்டு. ஹிஜ்ரி 11-இல் தம் இறுதி நோயின்போது நபிகள் நாயகம் அமர்ந்தபடி தொழ, அருகே அபூபக்ரும் பின்னால் மக்களும் நின்று தொழுதனர் என்ற செய்தியைக் கொண்டு, நிற்க இயலாத இமாமுக்குப் பின்னால் நின்று தொழலாம் என்று ஷாஃபிஈகளும், அபூஹனீஃபாவும், அபூயூசுஃபும் கூறுகிறார்கள்.

ஒரே வரிசையில் இரு மத்ஹபுகள்

தமிழ் முஸ்லிம்களிடையே இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மரபு வேரூன்றியிருக்க, உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள்; சென்னை போன்ற நகரங்களில் இருவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இமாம் ஒரு மத்ஹபையும் மஃமூம் மற்றொரு மத்ஹபையும் சேர்ந்திருந்தால் யாருடைய கருத்தைக் கொள்வது என்பதற்கு நவவி தரும் விடை, பின்பற்றுபவரின் கருத்தையே கொள்ள வேண்டும் என்பது. இரத்தம் குத்தி எடுத்துக்கொண்ட ஹனஃபி இமாமின் உளூ, ஹனஃபி சட்டப்படி முறிந்திருந்தாலும், அவருக்குப் பின்னால் நிற்கும் ஷாஃபிஈயின் பார்வையில் முறியாததால் ஷாஃபிஈயின் தொழுகை செல்லும் என்று அவர் எடுத்துக்காட்டும் தருகிறார்.

அந்த நெறியைத் திருப்பிப் பார்த்தால், சிறுநீர் கசிந்துகொண்டிருக்கும் ஷாஃபிஈ இமாம் தம் ஊராருக்குத் தொழுகை நடத்துவது தடையின்றிச் செல்லும். அந்நிலையைத் திட்டமாக அறிந்த ஹனஃபி ஒருவர் அவரைப் பின்பற்றினால், அவருடைய மத்ஹபின்படி அவருடைய தொழுகை செல்லாது. எனினும் இமாமின் உடல்நிலையைத் துருவி ஆராயும் கடமை எந்த மஃமூமுக்கும் இல்லை. வெளிப்படையில் நலமாக நிற்பவரை நலமுள்ளவராகவே கொண்டு தொழுவதுதான் முறை. ஆகவே தம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதை அறிந்த இமாம், தம் நிலையை எண்ணித் தாமே விலகி நிற்பது பேணுதலான வழி. விலகக் கோரும் பொறுப்பைப் பிறர் மீது சுமத்துவதைவிட அது மேலானது.

ஐயமும் இடையில் முறிதலும்

இமாமத் பற்றிக் கேட்பவர்களில் கணிசமானோர் உண்மையில் மஃதூர்கள் அல்லர். சிறுநீர் கழித்த சற்று நேரத்துக்குப் பின் ஓரிரு சொட்டுகள் வந்து நின்றுவிடுவது, சிறுநீர்க் குழாயில் எஞ்சிய நீர் மெல்ல வெளிவருவதால் ஆண்களிடம் பரவலாக நேரும் இயல்பு. இத்தகையவர் தொழுகை அழைப்பான பாங்குக்குச் சற்று முன்பாகவே கழிப்பறைக்குச் சென்று, சொட்டுகள் நிற்கும் வரை பொறுத்து, கழுவிவிட்டு உளூ செய்தால் போதும். அதன் பின் அவர் முழு நலமுள்ளவராகவே இமாமத் செய்யலாம். இன்னும் சிலர் எதுவும் வராமலே வந்துவிட்டதாக எண்ணி வருந்துகிறார்கள். வஸ்வாஸ் எனப்படும் இந்த மன ஊசலாட்டத்துக்குச் சட்டம் தரும் மருந்து, உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற பொதுநெறி. தொழுகையில் ஏதோ நேர்ந்ததாக ஐயுறுபவர், ஓசையைக் கேட்டோ நாற்றத்தை உணர்ந்தோ உறுதிப்படும் வரை விலக வேண்டாம் என்று நபிமொழி வழிகாட்டுகிறது.

நலமுள்ள இமாமுக்குத் தொழுகையின் நடுவே உண்மையாகவே உளூ முறிந்தால், அவர் தொடராமல் விலகி, முன்வரிசையிலுள்ள ஒருவரைத் தம் இடத்தில் நிறுத்த வேண்டும். இஸ்திக்லாஃப் எனப்படும் இந்த முறைக்கு, குத்தப்பட்ட உமர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபின் கையைப் பிடித்து முன்னிறுத்தியதும், அவர் தொழுகையைச் சுருக்கமாக முடித்துவைத்ததும் முன்மாதிரி. உளூ முறிந்தவர் தம் மூக்கைப் பிடித்தபடி வெளியேறட்டும் என்ற நபிமொழியும் உண்டு. பார்ப்பவர்கள் மூக்கில் இரத்தம் வடிவதாக எண்ணிக்கொள்வார்கள் என்பதால் அவருடைய மானம் காக்கப்படும் என்று விளக்கவுரையாளர்கள் கூறுகிறார்கள். பிறர் அறியத் தகாததை மறைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே முன்வந்து அளிக்கிறது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

உளூ இல்லாததை அறியாமலே இமாம் தொழுகை நடத்தி முடித்துவிட்டால் என்ன செய்வது என்பதிலும் பிணைப்பைப் பற்றிய பழைய வேறுபாடே மீண்டும் தலைதூக்குகிறது. கலீஃபா உமர் ஒரு முறை அதிகாலைத் தொழுகையை நடத்திவிட்டு, மதீனாவுக்கு அருகிலுள்ள ஜுருஃப் என்ற இடத்தில் இருந்த தம் நிலத்துக்குச் சென்ற பிறகு, தமக்குக் குளிப்பு கடமையாகியிருந்ததை உடையிலிருந்த அடையாளத்தால் அறிந்து, குளித்துவிட்டுத் தாம் மீண்டும் தொழுத செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் இடம்பெற்றுள்ளது. மக்களை அவர் மீண்டும் தொழச் சொல்லவில்லை என்று கொண்டு, அறியாமல் பின்பற்றியவர்களின் தொழுகை செல்லும் என்று மாலிகிகளும் ஷாஃபிஈகளும் ஹன்பலிகளும் கூறுகிறார்கள்; இமாமின் தொழுகைக்குள் அடங்கிய தொழுகை அதனோடு சேர்ந்தே வீழும் என்று ஹனஃபிகள் அனைவரையும் மீட்டித் தொழச் சொல்கிறார்கள்.

பள்ளிவாசல் செய்யக்கூடியவை

நடைமுறையில் முதற்படி மருத்துவம். கசிவுகளில் பல குணமாகக் கூடியவை அல்லது குறையக் கூடியவை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் 1948-இல் எழுதி வெளியிட்ட, இடுப்பெலும்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்தும் அறுவையும் உள்ளன. கசிவைத் துணி வைத்தோ, அமர்ந்து தொழுதோ நிறுத்த முடியுமானால் அவ்வாறு நிறுத்துவது கடமை என்றும், அப்படி நிறுத்திக்கொண்டவர் மஃதூர் நிலையிலிருந்து நீங்குகிறார் என்றும் ஹனஃபி நூல்கள் கூறுவதால், சிகிச்சை பெறுவதும் மார்க்கத்துக்கு ஏற்ற செயலே ஆகிறது. குழாயோ பையோ பொருத்தியவர் தொழுகைக்கு முன் அதை இயன்றவரை காலி செய்து, கசிவு பள்ளிவாசலின் தரையில் படாதவாறு காத்துக்கொண்டு ஜமாஅத்தில் கலந்துகொள்ளலாம். உடலோடு சேர்ந்திருக்கும் அந்த அசுத்தம் தேவையின் பொருட்டு மன்னிக்கப்படுகிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பல ஆண்டுகள் தொழுகை நடத்திய ஒருவர் முதுமையில் இந்நிலையை அடையும்போது, இரண்டாம் இமாமையோ, பாங்கு சொல்பவரான, நன்றாக ஓதத் தெரிந்த மோதினாரையோ முன்னிறுத்தும் ஏற்பாடு முன்கூட்டியே இருக்குமானால், அவர் காரணம் சொல்லிக் கூனிக் குறுக வேண்டிய நிலை வராது. வெள்ளிக்கிழமைக் குத்பாவை, அதாவது தொழுகைக்கு முன் ஆற்றப்படும் பேருரையை, ஒருவர் நிகழ்த்தித் தொழுகையை மற்றொருவர் நடத்துவது ஹனஃபி மத்ஹபில் செல்லும் என்பதால், ஹனஃபிப் பள்ளிவாசலில் அவருடைய கல்வியும் குரலும் மிம்பர் மேடையிலிருந்து தொடர்ந்து பயன்பட வழியுண்டு. குர்ஆன் ஓதிக் கொடுப்பது, மார்க்க விளக்கம் சொல்வது, திருமணம் நடத்திவைப்பது முதலிய ஆலிமின், அதாவது மார்க்க அறிஞரின், பணிகளில் எதையும் இந்நோய் தடுப்பதில்லை.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இது. சிறுநீர் கசியும் இமாம் ஷாஃபிஈ மத்ஹபினருக்குத் தொழுகை நடத்தலாம். மாலிகிகளுக்கு நடத்தினால் செல்லும், விலகுவது நன்று. ஹனஃபிகளுக்கும் ஹன்பலிகளுக்கும் நடத்துவதாயின், தம்மைப் போன்ற நோயுள்ளவர்களுக்கு மட்டுமே நடத்த வேண்டும். தம் நிலை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்புபவர், மருத்துவரிடமும் தம் மத்ஹபைக் கற்ற ஆலிம் ஒருவரிடமும் தனிமையில் கேட்டுத் தெளிவது நல்லது. இரு விடைகளும் கிடைக்கும் வரையில் முன்வரிசையில் நின்று தொழுவதே போதுமானது. அங்கே அவர் தொழும் தொழுகையில் எந்த மத்ஹபும் குறை காணவில்லை.